அக்கா, அகலிகை என்ன தப்பு செஞ்சாங்க?
இதிகாசத்தைத் திரும்பச் சொல்லும் புத்தகங்களை எப்படிப் படிப்பது?



எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமய வகுப்பு நடக்கும். தேவாரம் பாடி முடித்ததும் கடைசி அரை மணி நேரம் கதை நேரம். அது என் பொறுப்பு. போன வருடம் ராமாயணம் எடுத்தேன். விசுவாமித்திரரோடு ராமனும் இலட்சுமணனும் மிதிலைக்குப் போகிற வழியில், ராமன் கால் தூசு பட்டு ஒரு கல் பெண்ணாக எழுகிற இடம் வந்தது. நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். முடித்ததும், முதல் படிவம் படிக்கிற ஒரு தங்கச்சி கையைத் தூக்கினாள்.

“அக்கா, ஏமாத்துனது இந்திரன்தானே? அகலிகை என்ன தப்பு செஞ்சாங்க? அவங்க ஏன் கல்லாகணும்?”

என்னிடம் பதில் இல்லை. “அது முனிவரோட சாபம்மா, கதை அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அடுத்த வாரமும் அவள் வந்தாள். பதிகம் பாடினாள். கதையும் கேட்டாள். ஆனால் கையைத் தூக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் தூக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. ஒரு பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்தியதற்கு நான் காரணமாகிவிட்டேனோ என்று தோன்றியது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது படித்த புத்தகங்களைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். எல்லாம் நமக்குத் தெரிந்த ராமாயணமும் மகாபாரதமும்தான். ஆனால் வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்கள் திரும்பச் சொன்னவை.

முதலில் ஒரு படிக்கும் முறை

நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன். கட்டுமான வரைபடம் ஒன்றைத் திருத்தினால், பழையதை அழித்துவிட்டுச் சும்மா புதியதைக் கொடுத்துவிட முடியாது. எங்கே மாற்றினார்களோ அந்த இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைவு வளைவாக ஒரு கோடு போடுவார்கள். பக்கத்தில் திருத்த எண் இருக்கும். ஓரத்தில் உள்ள கட்டத்தில் என்றைக்கு, எதற்காக மாற்றினார்கள் என்று எழுதியிருக்கும். சைட்டில் இருப்பவர் முதலில் தேடுவது அந்த மேகத்தைத்தான்.

இதிகாசத்தைத் திரும்பச் சொல்லும் புத்தகங்களையும் இப்படிப் படிக்கலாம். மூன்று கேள்விகள் போதும். எது மாறியிருக்கிறது? ஏன் மாற்றினார்? எதை மாற்றாமல் விட்டார்? எழுத்தாளர் நமக்காக மேகம் போட்டுத் தரமாட்டார், நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பழைய வரைபடம் கையில் இருக்க வேண்டும். மூலக்கதை தெரியாமல் புதியதைப் படித்தால் எது கதை, எது திருத்தம் என்றே தெரியாது.

அகலிகை: ஒரே பெண், பல கதைகள்

இந்த முறையில் அகலிகை கதையைத் தேடிப் போனேன். முதல் அதிர்ச்சி வால்மீகியிடமே கிடைத்தது. வால்மீகி ராமாயணத்தின் பால காண்டத்தில் அகலிகை கல்லாகவே ஆகவில்லை! காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் நெடுங்காலம் இந்த ஆசிரமத்திலேயே இரு என்பதுதான் கௌதமர் கொடுத்த சாபம். வந்தவன் இந்திரன் என்று தெரிந்தேதான் அவள் சம்மதித்தாள் என்றும் வால்மீகி சொல்லிவிடுகிறார். ஆக, அங்கே அவள் ஏமாந்தவள் அல்ல. ராமன் வந்ததும் அவள் மறுபடி கண்ணுக்குத் தெரிகிறாள். அப்போது ராமனும் இலட்சுமணனும் அவள் பாதத்தைத் தொட்டு வணங்குகிறார்கள். இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். தப்பு செய்தவள் என்று சொன்ன அதே நூல்தான், தவம் முடித்து எழுந்தவளை ராமனே வணங்குவதாகவும் சொல்கிறது.

அப்படியென்றால் கல் எங்கிருந்து வந்தது? கம்பர்தான் மாற்றினார் என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை. கம்பருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பரிபாடலில், திருப்பரங்குன்றத்துக்குச் சாமி கும்பிட வந்தவர்கள் அங்குள்ள மண்டபத்தில் ஓவியங்களைப் பார்க்கிற காட்சி ஒன்று வருகிறது. பூனை உருவத்தில் இந்திரன், அகலிகை, கோபத்தோடு கௌதமர், கல்லான உருவம் எல்லாம் அந்தச் சுவரில் இருக்கின்றன. தெரியாதவர்கள் இது என்ன என்று சுட்டிக் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கோயிலில் நின்று அகலிகையைப் பற்றிக் கேள்வி கேட்பது எங்கள் வகுப்புத் தங்கச்சி தொடங்கிய பழக்கம் இல்லை. அது நம் மொழியில் அவ்வளவு பழையது.

கம்பர் இன்னொரு வேலை செய்தார். அவர் பாடலில் அகலிகைக்கு முதலில் தெரியாது. இடையில் உணர்கிறாள், உணர்ந்தும் விலகவில்லை. அதனால் சாபம், கல். ஆனால் அதே படலத்தின் முடிவில், இவள் மனத்தால் பிழை செய்யாதவள், ஏற்றுக்கொள் என்று விசுவாமித்திரர் கௌதமரிடம் சொல்கிறார். ராமன் அவளை அன்னை என்று அழைக்கிறான். தப்பு இருக்கிறது என்பதும் தப்பு இல்லை என்பதும் ஒரே படலத்தில்! கம்பர் இதைக் கவனிக்காமல் எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அந்தத் தங்கச்சியின் கேள்வி அவருக்கும் இருந்திருக்கிறது.

இங்கே ஒன்றை மனத்தில் வைப்போம். கம்பராமாயணமே ஒரு திருத்தப்பட்ட வரைபடம்தான். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பரிலோ அவளைத் தொடாமல், குடிசையோடு நிலத்தைப் பெயர்த்துக் கொண்டுபோகிறான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலம் கம்பரில் இருக்கிறது. இவ்வளவு மாற்றியவரைத்தான் நாம் கவிச்சக்கரவர்த்தி என்று கொண்டாடுகிறோம். எனவே “திரும்பச் சொல்வதே தப்பு” என்று யாராவது சொன்னால், முதலில் கம்பரைத்தான் ஒதுக்க வேண்டியிருக்கும்.

முதல் பரிந்துரை: சாப விமோசனம்

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய சிறுகதை இது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை என்கிற தொனியில் ஒரு குறிப்போடுதான் கதையே தொடங்குகிறது.

நமக்குத் தெரிந்த கதை முடிகிற இடத்தில் அவர் கதை ஆரம்பமாகிறது. சாபம் நீங்கியாச்சு, சரி. அடுத்த நாள் காலையில் அகலிகை எப்படி வாழ்ந்திருப்பாள்? யார் எதைச் சொன்னாலும் அதில் வேறு அர்த்தம் இருக்குமோ என்று பயப்படுகிறாள். கௌதமருக்கோ தன் கோபத்தை நினைத்துக் குற்ற உணர்ச்சி. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பழையபடி வாழ முடியவில்லை. வனவாசம் முடிந்து ராமனும் சீதையும் அவர்களைப் பார்க்க வருகிறார்கள். ராமன் கேட்டுத் தான் தீக்குளித்ததைச் சீதை சொல்கிறாள். தன்னை மன்னித்த ராமனா அப்படிக் கேட்டான் என்பதை அகலிகையால் தாங்க முடியவில்லை. கடைசியில் அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

எது மாறியது? முடிவு. எது மாறவில்லை? ராமனின் காலடியில் அவள் எழுந்தது மாறவில்லை. புதுமைப்பித்தன் அந்தக் கருணையைப் பொய் என்று சொல்லவில்லை. அந்தக் கருணையை முழுசா நம்பியதால்தான் அவருடைய அகலிகைக்கு அவ்வளவு வலிக்கிறது. முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது, இந்தக் கதையை ராமன் மேல் அக்கறை இல்லாத ஒருவரால் எழுதியிருக்க முடியாது என்று தோன்றியது.

ஓர் எதிர்ப்பும் அதில் உள்ள நியாயமும்

இந்தக் கதையை வகுப்பில் வாசிக்கலாமா என்று கேட்டபோது, கோயில் நிர்வாகத்தில் இருக்கிற ஒரு அங்கிள் முகம் சுளித்தார். “பிள்ளைங்களுக்கு இன்னும் ராமாயணமே முழுசா தெரியாது. அதுக்குள்ள ராமனைக் கேள்வி கேட்கக் கத்துக் கொடுக்கப் போறியா?” என்றார்.

எனக்கு முதலில் வருத்தம்தான். வீட்டுக்குப் போய் யோசித்தபோது, அவர் சொன்னதில் பாதி சரி என்று பட்டது. முதல் பாதி சரி. மூலக்கதை தெரியாத பிள்ளைக்குத் திருத்தத்தை மட்டும் கொடுத்தால், அது திருத்தத்தையே மூலம் என்று நினைத்துக்கொள்ளும். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற சில புதிய புத்தகங்கள் அப்படித்தான் இருக்கின்றன. வில்லனை நாயகன் ஆக்குவார்கள், நாயகனை வில்லன் ஆக்குவார்கள், அவ்வளவுதான். அதைப் படித்து முடித்ததும் மூலத்தைத் திறந்து பார்க்கணும் என்ற ஆசையே வராது. நல்ல புத்தகத்துக்கு நான் வைத்திருக்கிற சோதனை அதுதான்: படித்து முடித்ததும் நம்மைப் பழைய புத்தகத்திடம் திருப்பி அனுப்புகிறதா?

இரண்டாம் பாதியில்தான் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. கேள்வி கேட்பதை நாம் கற்றுக் கொடுக்க வேண்டியதே இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே கேட்கிறார்கள். நாம் பதில் தேடாவிட்டால் வேறு எங்காவது போய்க் கேட்பார்கள், இல்லையென்றால் கேட்பதையே விட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

மகாபாரதப் பக்கம் நான்கு புத்தகங்கள்

1. பாஞ்சாலி சபதம். பாரதியார் எழுதியது. முதல் பாகம் 1912இல் வந்தது, இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகு 1924இல்தான் வந்தது. இதில் மேகம் எங்கே என்று தேடவே வேண்டாம், தலைப்பிலேயே இருக்கிறது. வியாசரின் சபையில் பயங்கரமான சபதம் செய்பவன் பீமன். கூந்தலை முடியமாட்டேன் என்று திரௌபதி சூளுரைப்பது அங்கே இல்லை, அது பின்னால் வந்த மரபு. பாரதி அதை எடுத்து, காவியத்தின் பெயராகவே வைத்தார். நாடு அடிமையாக இருந்த காலத்தில், சபை நடுவில் தன் உரிமையைக் கேட்கிற பெண்ணை அவர் ஏன் நடுவில் நிறுத்தினார் என்பதை நீங்களே யோசித்துப் பார்க்கலாம். எளிய நடை. வாய்விட்டுப் படியுங்கள்.

2. இரண்டாம் இடம். எம்.டி. வாசுதேவன் நாயர் மலையாளத்தில் எழுதிய ‘ரண்டாமூழம்’, தமிழில் குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. மொத்த மகாபாரதத்தையும் பீமன் சொல்கிறான். கடைசி யாத்திரையில் திரௌபதி விழுகிறாள். வியாசரிடம் பீமன் அண்ணனிடம் ஏன் என்று கேட்கிறான், தருமன் காரணம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். எம்.டி.யின் பீமன் அவளுக்காகத் திரும்பி வருகிறான். மேகம் போட வேண்டிய இடம் இதுதான். எப்போதும் இரண்டாவதாகவே நிற்கிற ஒருவனின் அன்பு எப்படி இருக்கும் என்பதுதான் நாவல் முழுக்க. வீட்டில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். எனக்குப் பிடித்ததற்கும் அதுதான் காரணம்.

3. பருவம். எஸ்.எல். பைரப்பா கன்னடத்தில் 1979இல் வெளியிட்ட ‘பர்வ’. தமிழில் பாவண்ணன். இந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. இதில் அற்புதங்களே இல்லை. தேவர்கள்கூட மலைநாட்டு மனிதர்களாக வருகிறார்கள். “அப்படின்னா இது எப்படி நம்ம மகாபாரதம்?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அற்புதத்தை எடுத்துவிட்டாலும் தருமம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது, இன்னும் கனமாக நிற்கிறது. குருக்ஷேத்திரத்தில் செத்தவர்களை என்ன செய்தார்கள், இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றெல்லாம் படித்த பிறகு, போர் என்ற சொல்லை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. இது வயது வந்தவர்களுக்கான நாவல். இடைநிலைப் பள்ளித் தம்பி தங்கைகள் கொஞ்சம் காத்திருக்கலாம்.

4. வெண்முரசு. ஜெயமோகன் 2014 ஜனவரி 1இல் தொடங்கி 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் எழுதியது. மொத்தம் 26 நாவல்கள். பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் முடித்தே தீரணும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாவலான ‘முதற்கனல்’ மட்டும் படித்துப் பாருங்கள். அம்பையின் கதை அதில்தான் வருகிறது. தமிழ் கொஞ்சம் கடினம். நான் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று ரயிலில் படித்தேன். முதல் வாரம் தடுமாறினேன், பிறகு பழகிவிட்டது.

நம் ஊரிலேயே ஒரு ராமன்

நாம் வாழும் இந்த மண்ணிலும் ராமன் கதை திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. மலாய் மொழியில் உள்ள ‘ஹிக்காயத் செரி ராமா’ அது. அதில் அனுமன் ராமனுக்கும் சீதைக்கும் பிறந்த மகன்! இராவணன் செரெண்டிப் மலையில் தலைகீழாகத் தவம் இருக்க, அவனிடம் பேச வருபவர் நபி ஆதம். கதையைச் சொன்னவர்கள் இஸ்லாமுக்கு மாறிய பிறகும் ராமனை விட்டுவிட மனம் வரவில்லை, தங்கள் உலகத்துக்குள் அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கிளந்தானின் வாயாங் கூலிட் நிழற்கூத்திலும் ராமன் கதைதான் முக்கியக் கதை. பல்கலைக்கழகத்தில் என் மலாய்த் தோழியிடம் இதைச் சொன்னேன். தன் தாத்தா சின்ன வயதில் இரவெல்லாம் விழித்திருந்து அந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறார் என்றாள் அவள். அன்றைக்கு ராமனைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

என் ஆலோசனை ஒரு வரிசை. முதலில் ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’, ‘வியாசர் விருந்து’. இரண்டும் தமிழ்ப்பள்ளி முடித்த யாரும் படிக்கக்கூடிய தமிழ். பழைய வரைபடம் கைக்கு வந்துவிடும். (ராஜாஜியும் ராமாயணத்தைப் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிட்டார், சீதையைக் காட்டுக்கு அனுப்புகிற உத்தர காண்டத்தை எழுதவில்லை. அதுவும் ஒரு மேகம்தான்.) அடுத்து கம்பரின் அகலிகைப் படலம் மட்டும், உரையோடு. பிறகு ‘சாப விமோசனம்’. இந்த மூன்று படிகளையும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு பீமன் உங்களுக்காகக் காத்திருப்பான்.

அந்தத் தங்கச்சிக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஐந்து மாதம் கழித்து, வகுப்பில் எல்லோர் முன்னாலும், “போன தடவை ஒரு கேள்விக்கு நான் சரியா பதில் சொல்லல. மன்னிச்சுக்கோ” என்று ஆரம்பித்தேன். வால்மீகி என்ன சொன்னார், பரங்குன்றத்துச் சுவரில் என்ன இருந்தது, கம்பர் என்ன மாற்றினார் என்று வரிசையாகச் சொன்னேன். ‘சாப விமோசனம்’ பற்றி, பெரியவள் ஆனதும் படி என்று மட்டும் சொன்னேன். அங்கிளும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“அக்கா, ராமர் அவங்க கால்ல விழுந்தாருன்னு சொன்னீங்களே. அதை ஏன் முதல்லயே எங்களுக்குச் சொல்லல?”

இந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தத் தடவை, “தெரியலம்மா, சேர்ந்து தேடலாம்” என்றேன்.

உங்கள் குழுவில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. நீங்கள் சிறு வயதில் கேட்ட ராமாயணமோ மகாபாரதமோ யாருடைய கதை? பாட்டி சொன்னதா, தொலைக்காட்சித் தொடரா, பள்ளிப் புத்தகமா? மூலத்திலிருந்து அது எங்கே மாறுகிறது?

2. வால்மீகியின் அகலிகை, கம்பரின் அகலிகை, புதுமைப்பித்தனின் அகலிகை: இவர்களில் யாரிடம் உங்களால் அதிகம் பேச முடியும்? ஏன்?

3. ஒரு பாத்திரத்தின் பார்வையில் இதிகாசத்தை நீங்கள் திரும்பச் சொல்வதென்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? எதை மாற்றுவீர்கள்? எதை மாற்றவே மாட்டீர்கள்?